பச்சை மைக்காரர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும். புவியீர்ப்பு விசையைத் தோற்கடித்த ரசாயன ஆசிரியன் நான். நான் எடுத்த பாட வீடியோ ஒன்றில், கண்ணாடிக் குழாயிலிருந்து மூன்று நிமிடம் விடாமல் கீழே சொட்டிய திரவம், கடைசியில் குழாய்க்குள் முன்பிருந்ததைவிட உயரத்தில் நின்றது. சொட்டச் சொட்டக் கூடியது. நாற்பத்தெட்டு பல்கலைக்கழக மாணவர்கள் அதைப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் இரண்டு தடவை பார்த்தார்கள், சிரிப்பதற்காக.

அப்போது எனக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஒப்பந்த வேலை. ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது; புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பதுதான் வீட்டில் காலையும் மாலையும் பேச்சு. இன்று நான் சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேலே உள்ள துணைப்பாட நிலையத்தில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே கண்ணாடிக் குழாயை வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறேன். புதுப்பித்தார்களா என்று நீங்கள் இனிமேல் கேட்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். ஆனால் என்னையே திட்டிக்கொண்டு எத்தனை பக்கம் எழுத முடியும்? அதனால் அவரைத் திட்டப் போகிறேன்.

அவர் எங்கள் துறையின் ஆய்வுக்கூட அதிகாரி. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். ஒல்லி. அரைக்கைச் சட்டையில் இஸ்திரிக் கோடு மதியம் மூன்று மணிக்கும் கலையாது. பையில் ஒரே ஒரு பேனா, பச்சை மை. மாணவர்கள் செய்முறைத் தாளில் கருவியின் அளவை எழுதியதும் அவரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் வந்து கருவியைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார், மறுபடி கருவியைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சையில் சிறிதாக ஒரு கையெழுத்து. அது இல்லாத எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது. துறை விதி அப்படி. ஆனால் விதி பிறப்பதற்கு முன்பே அவர் அப்படித்தான் இருந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

அந்த மனிதர் தான் பார்க்காத எதற்கும் பொறுப்பேற்க மாட்டார். ஒரு நாள் குடையை மறந்துவிட்டு வந்திருந்தேன்.

"அண்ணே, வெளிய மழையா?"

"தெரியல. உள்ள இருக்கேன்."

"சத்தம் கேக்குதே?"

"சத்தம் கேக்குது. மழையான்னு பார்க்கல." அதோடு நிற்காமல், "லேப்ல அண்ணன் தம்பி கிடையாது, டாக்டர்" என்றார். என்னை எப்போதும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். நான் வாங்கிய பட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவர் வாயில் அது வரும்போது, அந்தப் பட்டத்தை நான் வாங்கியதையும் அவர் பார்க்கவில்லை என்பது தெளிவாகக் கேட்கும்.

துறைத் தலைவரின் பிறந்தநாளுக்கு ஓர் அட்டை சுற்றி வந்தது. தலைவர் ஒரு சீன அம்மா, எல்லோருக்கும் நல்லவர். 'எங்கள் எல்லோருடைய அன்புக்கும் உரியவர்' என்று அதில் அச்சிட்டிருந்தது. இவர் கையெழுத்துப் போடாமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டார். "எல்லாரையும் நான் கேக்கலயே" என்றாராம். பிறகு தேதியை மட்டும் அட்டையின் மூலையில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தேதி சரிதான், நாட்காட்டியில் பார்த்திருக்கிறார்.

தேக்கா சந்தையிலும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஆட்டிறைச்சிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் அவர்.

"இன்னைக்கு வந்தது பாய், எலும்பு கம்மியா போடறேன்" என்றார் கடைக்காரர்.

"இன்னைக்குத்தான்னு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்றீங்க."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பாய், உங்களுக்குக் கறி விக்கிறதுக்கு ஆட்டோட பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துத் தொங்கவிடணும் லா!"

வரிசையே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார். எண் ஆடி நிற்கும்வரை தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பகை முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. நான் வகுப்பைச் சிரிக்கவைத்துப் பாடம் நடத்துகிறவன். வேறு மாதிரி நடத்தத் தெரியாது. குழாயில் அளவு பார்ப்பது எப்படி என்று நின்ற வாக்கிலேயே ஒரு மாணவிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "டாக்டர், கண்ணு கீழ வரணும்." திரவத்தின் மட்டத்துக்குக் கண் நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பிசகும். எனக்குத் தெரியாததா? நாற்பத்தெட்டு பேர் முன்னால் முழங்காலை மடக்கிக் குனிந்தேன். கால்சட்டை பின்பக்கம் 'டர்' என்றது. வகுப்பு சிரித்ததற்கு அன்று என் நகைச்சுவை காரணமில்லை. அன்று முதல் மாணவர்களிடம் அவருக்கு 'சிசிடிவி' என்று பெயர் வைத்தேன். அவர் காதுக்கும் போயிருக்கும். பார்க்காததால் நம்பியிருக்க மாட்டார்.

அப்புறம் கிருமி வந்தது. சர்க்யூட் பிரேக்கர் என்ற பெயரில் ஊரடங்கு போட்டார்கள். தேக்காவில் முகக்கவசத்தோடு வரிசை, உணவங்காடி மேசைகளுக்கெல்லாம் சிவப்பு வெள்ளை நாடா. பல்கலைக்கழகத்தில் ஒரே வாரத்தில் எல்லாப் பாடமும் இணையத்துக்குப் போனது. விரிவுரை போகலாம், கேள்வி பதில் போகலாம். ஆய்வுக்கூடம் எப்படிப் போகும்? எங்கள் பாடத்துக்கு இன்னும் ஒரே ஒரு செய்முறை மிச்சம். அதுதான் தேர்வும்.

செய்முறை எளிது. நிமிர்த்தி நிறுத்திய பியூரெட் என்ற அளவுக் குழாயில் காரம். கீழே குடுவையில் அமிலம். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டில் குடுவை முழுக்க மிக மெல்லிய இளஞ்சிவப்பாகும். அங்கே நிறுத்தி, குழாயின் அளவைப் பார்க்க வேண்டும். குழாயில் சுழியம் மேலே இருக்கும். திரவம் இறங்க இறங்க எண் கூடும். ஒரு சொட்டு அதிகமானாலும் நிறம் பண்டுங் என்கிற ரோஜாப்பால் பானம் மாதிரி அடர்ந்துவிடும். பார்க்க அழகு, மதிப்பெண் போச்சு.

"வீடியோவா எடுத்துப் போட்டுடறேன்" என்று தலைவரிடம் பெருமையாகச் சொன்னேன். அனுமதி வாங்கி இரண்டு மணி நேரம் ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். கரைசலைத் தயாரித்து வைத்துவிட்டு, அவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்றார். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன், பேசினேன், ஒரு கையால் குழாயைத் திருகினேன். பண்டுங். மறுபடி எடுத்தேன். பண்டுங். மூன்றாம் முறை நிறம் அற்புதமாக வந்தது. ஆனால் பேச்சு சுவாரசியத்தில் குழாயின் அளவைப் படம் பிடிக்க மறந்துபோனேன். நேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டினேன். ஒரு முயற்சியின் தொடக்க அளவு, இன்னொன்றின் முடிவு அளவு, மூன்றாவதன் குடுவை. நடுவில் குழாயை நிரப்பியிருக்கிறேனே என்பது ஒட்டும்போது நினைவில் இல்லை. தொடக்கம் பதினெட்டு புள்ளி இரண்டு. முடிவு பதினாறு புள்ளி ஏழு ஐந்து. பின்னணியில் என் கம்பீரக் குரல்: "ஆக, நாம் பயன்படுத்தியது இருபத்து மூன்று புள்ளி நான்கு மில்லிலிட்டர்." அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன்? சென்ற வருட விடைத்தாளிலிருந்து.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், பாசிர் ரிஸ் பேட்டையில் வீடுள்ள மாணவி ஒருத்தி முதலில் எழுதினாள்: "சார், உங்க பியூரெட்ல ஊற்று இருக்கா?" பிறகு என் முகத்தைப் பண்டுங் கோப்பையில் ஒட்டிய படம் வந்தது. பிறகு தலைவரின் அழைப்பு வந்தது.

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாத முடிவுக்குள் நாற்பத்தெட்டு செய்முறைத் தாளும் கையெழுத்தோடு வந்தாக வேண்டும். வராவிட்டால் உங்கள் ஒப்பந்தத்தை நான் மேலே அனுப்ப முடியாது என்றார். யாருடைய கையெழுத்து என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கண் முன்னால் பச்சையாகத் தெரிந்தது.

பச்சை மைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அண்ணே... சார். ஒரு சின்ன உதவி. தாளை எல்லாம் அனுப்பறேன், ஒரு கையெழுத்து."

"பிள்ளைங்க என்ன செஞ்சாங்க?"

"வீடியோ பார்த்தாங்க."

"வீடியோ பார்த்ததுக்கு எங்க போடறது?"

"அன்னைக்கு நீங்களும் அங்கதானே நின்னீங்க?"

"நின்னேன். அதான் போட மாட்டேன்."

"தப்புன்னு தெரிஞ்சா அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஊத்துனதப் பார்த்தேன் டாக்டர். வீட்டுல போய் ஒட்டுனதப் பார்க்கலயே."

இந்த மனிதரைப் பேசி வளைக்க முடியாது, சோறு போட்டு வளைப்போம் என்று முடிவு செய்தேன். மறுநாள் அவர் வளாகத்தில் இருப்பார் என்று தெரியும். தேக்காவில் போய் வரிசையில் நின்று, முஸ்லிம் கடையிலேயே மட்டன் பிரியாணி, ஒன்றுக்கு இரண்டாகப் பொட்டலம் கட்டி, பன்னிரண்டரை மணிக்குச் சுடச்சுடக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். மணம் ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவியது. அவர் பொட்டலத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டாக்டர், நோன்பு."

ரமலான் தொடங்கி ஆறு நாள். கடைக்காரர் "பன்னிரண்டு மணிக்கு யாருக்கு சார்?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்ததன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. உள்ளே சாப்பிடக் கூடாது, உணவங்காடியில் உட்காரக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டு இரண்டு பிரியாணியையும் நானே தின்றேன். லஞ்சத்தைக் கொடுத்தவனே முழுதாக வாங்கிக்கொண்ட சம்பவம் அது ஒன்றுதான் இருக்கும்.

திரும்பி வந்தபோது வழியைச் சொன்னார். என்மேல் இரக்கப்பட்டெல்லாம் இல்லை. கண்ணைக்கூட என் பக்கம் திருப்பவில்லை.

"நேரலையில வரட்டும். ஒவ்வொரு பிள்ளையா. அவங்க சொல்லட்டும், நீங்க குழாயைத் திருகுங்க. நான் பார்க்கிறேன். பார்த்தா போடறேன்."

"நாற்பத்தெட்டு பேரா?"

"நாலு நாள்."

தலைவர் ஒப்புக்கொண்டார். மறு வாரம் நான்கு நாட்கள். காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் இரண்டே பேர்: முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு, பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமனார் மருமகன் மாதிரி. நடுவில் குழாய், முன்னால் கேமரா, திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள்.

முதல் மாணவன் விடுதி அறையிலிருந்து வந்தான். குழாயைத் திறந்தேன். திரவம் ஓடியது. குடுவையில் நிறம் எட்டிப்பார்த்தது. திரையில் அவன் முகம் அசையவில்லை. நிறம் ஏறியது. பண்டுங் ஆனது. அப்போதுதான் அவன் குரல் வந்து சேர்ந்தது: "ஸ்டாப்! ஸ்டாப் லா, சார்!"

இரண்டு வினாடித் தாமதம். அவன் பார்ப்பது இரண்டு வினாடிக்கு முந்தைய நிறம். அவன் சொல் வந்து சேர்வதற்குள் ஒன்றரை மில்லிலிட்டர் போய்விட்டது. நான் கேமராவை மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்: "ஒன்றரையைக் கழிச்சு எழுதிடலாம் சார். நெட் பண்ண தப்பு, பையன் பண்ணதில்ல."

அவர் கண்ணைக் குழாய் மட்டத்துக்குத் தாழ்த்தி, அளவைச் சத்தமாகப் படித்து, தாளில் எழுதி, பச்சையில் கையெழுத்துப் போட்டார்.

"அது தப்பான ரீடிங் சார்!"

"தப்பான ரீடிங்தான். ஆனா ரீடிங்."

திரையில் பையனுக்கு அழுகை வந்துவிட்டது. அவரைக் குழாயோடு சேர்த்து ஜன்னல் வழியே எறியலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் பையனைப் பார்த்துச் சொன்னேன்: "டேய், நீ ஒன்றரை மில்லி கூட இறக்கிட்ட, அவ்வளவுதான். நான் மேலயே ஏத்தினவன். நம்ம ரெண்டு பேர்ல யாரு மோசம்?" பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "இன்னொரு தரம் செய்யலாம்" என்றார் அவர், குழாயை நிரப்பிக்கொண்டே. விதிப்படி மூன்று முறை செய்யலாம். அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது தடவையும் பண்டுங். அடுத்த இரண்டு மாணவர்களுக்கும் அதே.

நான்காவதாக வந்தவள் அந்தப் பாசிர் ரிஸ்காரி. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் தம்பிகள் சண்டை. "சார், நான் ஸ்டாப் சொல்ல மாட்டேன். ஓகேதான் சொல்வேன். ஓகே சொன்னா ஒரு சொட்டு. சொல்லாட்டி விடாதீங்க. லேப் அங்கிள், நீங்க பார்த்துக்குங்க" என்றாள்.

முதல் இருபது மில்லியை மட்டும் ஓடவிட்டேன். பிறகு "ஓகே." ஒரு சொட்டு. இரண்டு வினாடி. "ஓகே." ஒரு சொட்டு. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல இருந்தது. அறுபது எழுபது ஓகே. கடைசிச் சொட்டில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஓர் இளஞ்சிவப்பு. ஓகே வரவில்லை. நின்றோம்.

"இந்தப் பிள்ளைக்குப் பார்க்கத் தெரியுது" என்றார் அவர். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதலும் கடைசியுமான பாராட்டு. எனக்கில்லை.

அதன்பிறகு எல்லோருக்கும் அதே முறை. ஒருவருக்கு இருபது நிமிடம் என்று போட்ட கணக்கு நாற்பதானது. முதல் மூவரையும் திரும்பக் கூப்பிட்டுச் செய்யவைத்தார். தப்பான அளவை அடிக்காமல், பக்கத்தில் புது அளவை எழுதி, அதற்கும் தனியாகக் கையெழுத்து. அவர் ஒரு முறையும் உட்காரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் மட்டும் மணிக்கொரு தடவை வெளியே போய்க் கறிபஃப் கடித்துவிட்டு, கால் வலிக்கிறது என்று சுவரிடம் புலம்பிவிட்டு வந்தேன். அதற்கு அவர் ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த நான்கு நாட்களும் நான் நன்றாக நடத்தினேன். ஓகேக்கும் ஓகேக்கும் இடையில் அந்த இரண்டு வினாடி இருக்கிறதே, அதற்குள் ஒரு விளக்கம், ஒரு கிண்டல், ஒரு தைரியம் எல்லாம் சொல்லக் கற்றுக்கொண்டேன். பயந்துகொண்டே வந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு முடித்தார்கள். "சார், இந்த செமஸ்டர்லயே இதுதான் உண்மையான வகுப்பு" என்று ஒருத்தன் சொன்னான். என் வாழ்க்கையிலேயே நான் ஆசிரியனாக இருந்தது அந்த நான்கு நாட்கள்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே சாட்சி அவர்.

தாள்கள் மாத முடிவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. தலைவர் அழைத்தார். ஒப்பந்தப் படிவத்தை அனுப்பத் தயார், ஒரே ஒரு கட்டம் பாக்கி என்றார். இணையத்துக்கு மாறிய காலத்தில் உங்கள் கற்பித்தலை நேரில் பார்த்த சக ஊழியர் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வீடியோ மேலிடத்துக்கும் போய்விட்டது, அவர்களும் சிரித்துவிட்டார்கள். அதனால் அந்த ஒரு வரி முக்கியம். "ஆய்வுக்கூட அதிகாரி எழுதினால் போதும். அவர் எழுதியதை இங்கே யாரும் மறுத்துக் கேட்டதில்லை" என்றார்.

அன்று மாலை அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத உட்கார்ந்தேன். நகைச்சுவையாக ஒன்று எழுதி அழித்தேன். உருக்கமாக ஒன்று எழுதி அழித்தேன். கடைசியில், சொந்தமாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதினால் போதும் என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்: "சார், அந்த நாலு நாளும் நான் எப்படி நடத்தினேன்னு நீங்க பக்கத்திலயே நின்னு பார்த்தீங்க. பார்த்தத மட்டும் ஒரு வரி எழுதித் தருவீங்களா? என் வேலை அதுலதான் இருக்கு."

நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது. 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நோன்பு திறக்கும் நேரம் தாண்டியிருந்தது. நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறார், நல்லதாகத்தான் வரும் என்று மனைவியிடம் சொன்னேன்.

பதில் வந்தது.

"நான் பியூரெட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், டாக்டர்."